ஒரு கத்திக்குப் பின்னால் ஒரு தெரு

இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் மடக்குக் கத்தி செய்துவந்த ஸ்டான் ஷா 2021இல் காலமானார். 1926இல் பிறந்தவர். பதின்ம வயதில் ஜார்ஜ் இபர்சன் என்ற கத்தி நிறுவனத்தில் தொழில் கற்கச் சேர்ந்தார். முதுமைவரை அந்தத் தொழிலை விடவில்லை. பிற்காலத்தில் நகரின் கெல்ஹாம் தீவு அருங்காட்சியகத்தில் அவருக்கென்று ஒரு பட்டறை ஒதுக்கித் தந்தார்கள். அவர் செய்த கத்திகள் அரச குடும்பம்வரை போயின. அவர் மறைவை ஒட்டி எழுதியவர்கள் ஒரே தொடரைத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள்: கடைசி லிட்டில் மெஸ்டர்.

அந்தப் பட்டத்துக்கு அவர் முழுத் தகுதி உடையவர். ஆனால் 'கடைசி மனிதர்' என்ற பேச்சு நம் மனத்தில் ஒரு தவறான சித்திரத்தை எழுப்பிவிடுகிறது. யாரையும் சாராமல் தனியே உட்கார்ந்து, ஒரு பொருளைத் தொடக்கம் முதல் முடிவுவரை தன் கையாலேயே செய்து முடிக்கும் ஒருவர்; அவரோடு அந்தக் கலையும் போய்விட்டது என்ற சித்திரம். ஐரோப்பியக் கைவினையைப் பற்றிப் பரிவோடு எழுதுகிறவர்களே இதில் மயங்குகிறார்கள். ஷெஃபீல்டின் வரலாற்றைக் கொஞ்சம் நெருங்கிப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. அங்கே ஒரு கத்தியை ஒருவர் செய்தது அபூர்வம். ஒரு தெரு செய்தது. இன்று அருகிப்போயிருப்பது அந்தத் தெருதான். இதைப் பிரித்துப் பார்க்காமல் கைவினையைக் காப்பாற்றுவது பற்றிப் பேசினால், எதைக் காப்பாற்றுகிறோம் என்றே தெரியாமல் போகும்.

முதலாளி என்பதற்கான ஷெஃபீல்டுப் பேச்சு வழக்கு மெஸ்டர். லிட்டில் மெஸ்டர் என்றால் சின்ன முதலாளி. ஓர் அறையையோ ஓர் அறையின் சன்னலோர மேடையையோ வாடகைக்கு எடுத்து, சொந்தக் கருவிகளோடு, தனியாகவோ ஒன்றிரண்டு பழகுநர்களோடோ வேலை செய்கிறவர். மாதச் சம்பளக்காரர் அல்லர். மூலதனம் உடையவரும் அல்லர். வேலைக்கு வரும் நேரத்தையும் போகும் நேரத்தையும் அவரே தீர்மானிப்பார். ஆனால் எத்தனை டஜன் செய்ய வேண்டும், டஜனுக்கு என்ன கூலி என்பதைப் பெரும்பாலும் வேறொருவர் தீர்மானிப்பார்.

இந்த ஊர் கத்திக்குப் பெயர்போனது பதினான்காம் நூற்றாண்டிலேயே. சாசரின் கான்டர்பரி கதைகளில் வரும் ஒரு மாவு ஆலைக்காரன் காலுறையில் ஷெஃபீல்டுக் கத்தி ஒன்றைச் செருகிவைத்திருக்கிறான். ஊருக்கு வாய்த்த இயற்கை அப்படி. டான், ஷீஃப், போர்ட்டர், ரிவலின், லாக்ஸ்லி என ஐந்து ஆறுகள் மலைச்சரிவிலிருந்து வேகமாக இறங்கி வருகின்றன. பெரிய ஆறுகள் அல்ல. ஆனால் சக்கரம் சுழற்றப் போதும். தொழில் உச்சத்தில் இருந்தபோது நூற்றுக்கும் மேற்பட்ட இடங்களில் நீர்ச்சக்கரங்கள் சுழன்றன. சாணைக்கல்லுக்கு வேண்டிய மணற்கல் அக்கம்பக்கத்துக் குவாரிகளில் கிடைத்தது. உலைக்கு மரக்கரியும் பிறகு நிலக்கரியும் அருகிலேயே இருந்தன. போர்ட்டர் ஓடையின் கரையில் ஷெப்பர்டு வீல் என்ற சாணைப் பட்டறை இன்றும் இருக்கிறது. அந்த இடத்தைப் பற்றிய பழைய சான்று 1584ஆம் ஆண்டின் ஓர் உயில். 1930கள்வரை அங்கே வேலை நடந்தது. இப்போது அருங்காட்சியகம்.

1624இல் நாடாளுமன்றச் சட்டம் ஒன்றின் வழியாக ஹாலம்ஷயர் கத்தித் தொழிலாளர் கழகம் உருவானது. யார் தொழில் செய்யலாம், எத்தனை ஆண்டு பழக வேண்டும், எவர் எந்த முத்திரையைக் கத்தியில் குத்தலாம் என்பதையெல்லாம் அதுதான் முறைப்படுத்தியது. பழகுகாலம் பொதுவாக ஏழு ஆண்டு. பழகி முடித்து, கழகத்தில் சேர்ந்து, தனக்கென்று ஒரு முத்திரை வாங்கினால்தான் ஒருவர் முழுத் தொழிலாளி. 1814இல் இந்தக் கட்டுப்பாடுகள் நீக்கப்பட்டன. எவரும் தொழில் தொடங்கலாம் என்றானது. சின்னப் பட்டறைகள் பெருகியதும் அதன் பிறகுதான். கூலிக்கான அடிபிடி கடுமையானதும் அதன் பிறகுதான்.

நீராவி எஞ்சின் வந்தபோது, மற்ற ஊர்களைப் போலவே ஷெஃபீல்டிலும் ஆலைகள் கைவினைஞர்களை விழுங்கியிருக்க வேண்டும். அப்படி நடக்கவில்லை. பணக்காரர் ஒருவர் பெரிய கட்டடம் கட்டி, நடுவில் ஓர் எஞ்சினை நிறுத்தி, அதன் சுழற்சியைப் பட்டைகள் வழியாக ஒவ்வோர் அறைக்கும் கொண்டுபோனார். பிறகு அறைகளையும் சுழற்சியையும் சேர்த்து வாடகைக்கு விட்டார். சாணைக்காரர் ஒரு சாணைத் தொட்டியை வாடகைக்கு எடுப்பார். கைப்பிடி பூட்டுகிறவர் ஒரு சன்னலோர மேடையை எடுப்பார். வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு அது ஆலை. உள்ளே இருந்தவர்களோ தனித்தனித் தொழில்காரர்கள். ஆடம் ஸ்மித் 1776இல் குண்டூசித் தொழிலை விவரித்தபோது ஒரே கூரையின்கீழ் ஒரே முதலாளி என்ற காட்சிதான் அவர் கண்முன் இருந்தது. ஷெஃபீல்டிலும் வேலை துண்டு துண்டாகப் பகுக்கப்பட்டிருந்தது. ஆனால் துண்டுகளை இணைத்தது முதலாளியின் மேற்பார்வை அல்ல. அக்கம்பக்கம்.

ஒரு மடக்குக் கத்தி எப்படி உருவாகும் என்று பாருங்கள். கொல்லர் எஃகைப் பழுக்கக் காய்ச்சி அடித்து அலகாக்குவார். அது துவைச்சல் போடப்பட்டுக் கெட்டியாகும். பிறகு சாணைக்காரரிடம் போகும். அவர் மரச் சேணம் போன்ற இருக்கையில் சாணைக்கல்லுக்குப் பின்னால் கால்களை அகட்டி உட்கார்ந்து, உடலின் பாரம் முழுவதையும் கையில் இறக்கி அலகைத் தீட்டுவார். கைப்பிடிக்கான கொம்பு, எலும்பு, தந்தம், முத்துச்சிப்பி ஆகியவற்றை அறுத்து வடிவமைக்க வேறு பட்டறைகள். கத்தி விரியும்போதும் மடங்கும்போதும் இழுத்துப் பிடிக்கும் முதுகு வில்லுக்கு இன்னொரு கை. எல்லாவற்றையும் சேர்த்துப் பூட்டி முடிப்பவர்தான் கட்லர். ஒவ்வொரு கட்டத்துக்கும் இடையே தெருவைக் கடந்து கூடையில் பொருள் போகும். பெரும்பாலும் சிறுவர்களும் பெண்களும் சுமந்து போவார்கள். மெருகேற்றும் வேலை பெண்களுடையது. மணலையும் எண்ணெயையும் குழைத்துப் பூசிச் சுழலும் சக்கரத்தில் கரண்டிகளையும் முட்கரண்டிகளையும் தேய்ப்பார்கள். தலையில் துணி, உடம்பில் பழுப்புக் காகிதம் சுற்றிய மேலங்கி. ஓவியர் வில்லியம் ராதன்ஸ்டைன் அவர்களில் இருவரை வரைந்திருக்கிறார். மெருகுப் பட்டறையைச் சொந்தமாக நடத்திய பெண்களும் இருந்தார்கள். 'சின்ன முதலாளி' வரலாற்றில் அவர்களுக்கு இன்னும் உரிய இடம் கிடைக்கவில்லை என்பது என் எண்ணம்.

மடக்குக் கத்தியின் நுட்பம் அலகில் மட்டும் இல்லை. விரிக்கும்போது விரலுக்குத் தெரியும் இழுப்பு, முழுதும் விரிந்ததும் காதில் விழும் 'டக்' என்ற ஒலி, மடங்கும்போது அலகின் கூர் வில்லில் மோதாமல் நிற்பது: இவை மூன்றும் அலகின் அடிப்பகுதியும் வில்லின் நுனியும் உரசும் சின்னஞ்சிறு முகத்தில் தீர்மானமாகின்றன. அங்கே அரத்தால் ஓர் இழுப்பு கூடினால் கத்தி ஆடும், குறைந்தால் இறுகும். கைப்பிடியில் பெயர்த்தகடு பதிக்கும் பள்ளத்தைத் தோண்ட, மார்பில் ஒரு தட்டைக் கட்டிக்கொண்டு, இரட்டைக் கால் கொண்ட துளைக்கருவியை வில்லால் முன்னும் பின்னும் சுழற்றும் பழைய முறையை ஸ்டான் ஷா கடைசிவரை கைவிடவில்லை. அச்சுத் தகட்டின் விளிம்பைத் தொட்டபடி அந்த இரட்டைக் கால்கள் விரிந்து சுருங்கி, கேடயம், நீள்வட்டம் என்று வேண்டிய வடிவத்தைக் குடைந்துவிடும். மின்துளைக் கருவியால் இதைச் செய்ய முடியாது.

எஃகின் கதையில் நம் மண்ணுக்கும் பங்கு உண்டு. 1740களில் பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் என்ற கடிகாரக்காரர், நல்ல கடிகார வில்லுக்கு எஃகு தேடி, ஷெஃபீல்டு அருகே களிமண் மூசையில் எஃகை உருக்கும் முறையைக் கண்டார். உள்ளூர் கத்திக்காரர்கள் முதலில் அதைத் தொட மறுத்தார்கள், அவ்வளவு கெட்டி என்பது காரணம்; பிரான்சில் அது விற்ற பிறகுதான் இவர்களுக்கு ரோஷம் வந்தது என்று சொல்வார்கள். மூசையில் எஃகு உருவாக்குவது தென்னிந்தியாவில் அதற்குப் பல நூற்றாண்டு முன்பே இருந்த தொழில். 'ஊட்ஸ்' என்ற பெயரில் அது லண்டனுக்குப் போனது. 1795இல் ஜார்ஜ் பியர்சன் ராயல் சொசைட்டியில் அதை ஆராய்ந்து எழுதினார். ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்ற லண்டன் கத்திக்காரர் அந்த எஃகில் கத்திகள் செய்து விற்றார். மைக்கேல் ஃபாரடே அவரோடு சேர்ந்து அதன் ரகசியத்தைத் தேடிச் செய்த கலப்பு எஃகுகள் 1820களில் ஷெஃபீல்டு நிறுவனம் ஒன்றில் சோதிக்கப்பட்டன.

இந்தத் தொடர்பில் மறக்கக் கூடாத மனிதர் ஜோசையா மார்ஷல் ஹீத். கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரியாகச் சேலத்தில் இருந்தவர். அங்கே கிடைத்த இரும்புக் கனிமத்தை நம்பி வேலையை விட்டுவிட்டு, பரங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கினார். அந்த இரும்பு ஷெஃபீல்டுக்குக் கப்பலேறியது. 1839இல், உருகும் எஃகில் மாங்கனீசு சேர்த்தால் அது அடிக்கவும் ஒட்டவும் இணங்கிவரும் என்று கண்டு காப்புரிமை பெற்றார். விலை உயர்ந்த சுவீடன் இரும்பை மட்டுமே நம்பியிருந்த எஃகுத் தொழிலுக்கு அது பெரிய விடுதலை. ஆனால் காப்புரிமையில் எழுதியதிலிருந்து சற்றே விலகி அதே பலனைப் பெறும் வழியைப் பிறர் கண்டுகொண்டார்கள். ஹீத் வழக்காடினார், 1851இல் இறந்தார், வழக்கு அவருக்குப் பிறகும் நீண்டு, பிரபுக்கள் சபையில் அவர் தரப்புக்கு எதிராக முடிந்தது. ஷெஃபீல்டு எஃகின் பெருமையைச் சொல்லும் நூல்களில் பரங்கிப்பேட்டைக்கு ஒரு பத்தி கிடைத்தால் அதிகம். தமிழில் இதைப் பற்றி விரிவாக எழுதப்பட வேண்டும்.

தெருவை நான் புகழ்வதால் அது சொர்க்கமாக இருந்தது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. சாணைக்காரர்கள் இளமையிலேயே செத்தார்கள். தண்ணீர் இல்லாமல் உலர்சாணையில் தீட்டுகிறவர்கள் சராசரியாக 35 வயதைத் தொடுவதே அரிது, நீர்ச்சாணையில் தீட்டுகிறவர்கள் 45ஐத் தாண்டுவது அரிது என்று ஷெஃபீல்டு மருத்துவர் நைட் எழுதினார். ஏங்கெல்ஸ் 1845இல் வெளியிட்ட நூலில் அதை எடுத்துக்காட்டினார். முட்கரண்டி தீட்டுகிறவர்கள் நிலை எல்லாரிலும் மோசம். கொன்றது எஃகுத் தூளைவிட மணற்கல்லின் தூள். 1820களில் ஆபிரகாம் என்ற ஷெஃபீல்டுக்காரர் எஃகுத் தூளைக் காந்தத்தால் பிடித்து நிறுத்தும் கருவி ஒன்றைச் செய்து பரிசும் பெற்றார்; கல்தூளைக் காந்தம் பிடிக்காதே. தூளை உறிஞ்சி வெளியேற்றும் விசிறி இருந்தும் பலர் அதை மாட்ட மறுத்தார்கள் என்பது இன்னும் நெஞ்சை அறுப்பது. ஆயுள் நீண்டால் தொழிலுக்கு ஆட்கள் பெருகுவார்கள், கூலி விழும் என்று அவர்கள் கணக்குப் போட்டார்கள். கொடுமையான கணக்கு, ஆனால் பிழையான கணக்கு என்று அவர்களைப் பார்த்துச் சொல்ல எனக்கு நா எழவில்லை. அரம் வெட்டுகிறவர்களோ ஈயப் படுக்கையில் அரத்தை வைத்து உளியால் வெட்டினார்கள்; ஈயம் அவர்கள் உடம்பில் ஏறியது.

சுதந்திரமும் அரைகுறைதான். 1787இல் கத்தித் தொழிலாளர் கழகத்தின் தலைவராக இருந்த ஜொனதன் வாட்கின்சன், டஜன் என்றால் 13 கத்தி தர வேண்டும் என்று தொழிலாளிகளிடம் கேட்டார். அரம் செய்யும் தொழிலாளியும் பாட்டுக்காரருமான ஜோசப் மேத்தர் அதன்மேல் ஒரு வசைப்பாட்டுக் கட்டினார். ஊரே பாடியது, வாட்கின்சன் நாடகக் கொட்டகைக்குப் போனால் மாடியிருக்கைக் கூட்டம் அவர் முகத்துக்கு நேரே அதைப் பாடியதாம். கூலியில்லாமல் ஒரு கத்தியைப் பறிப்பதற்கு எதிராகத் தெரு வைத்திருந்த ஆயுதம் அது. பின்னால் வந்த ஆயுதங்கள் பாட்டாக இருக்கவில்லை. ஆயிரம் சின்ன முதலாளிகள் உள்ள ஊரில் எந்த ஆலை வாசலில் வேலைநிறுத்தம் செய்வது? அதனால் சங்கச் சந்தா கட்டாதவரின் சாணைப் பட்டையை இரவில் திருடிப் போவது வழக்கமானது. 1850களிலும் 60களிலும் அது வெடிமருந்துவரை போனது. 1866இல் ஹியர்ஃபோர்டு தெருவில் ஒரு சாணைக்காரர் வீட்டில் குண்டு வெடித்தது. 1867இல் அரசு விசாரணை வந்தபோது, ரம்பச் சாணைக்காரர் சங்கச் செயலர் வில்லியம் பிராட்ஹெட், ஒருவரைச் சுட்டுக் கொல்லக் காசு கொடுத்ததையும் ஒப்புக்கொண்டார். 1871இன் தொழிற்சங்கச் சட்டத்துக்கு வழிவகுத்த விவாதங்களில் ஷெஃபீல்டின் இந்த விசாரணைக்குப் பெரிய இடம் உண்டு. அக்கம்பக்கம் இணைத்தது போலவே நெரிக்கவும் செய்தது.

கத்தியில் இருந்த பெயரும் செய்தவர் பெயர் அல்ல. நட்சத்திரமும் மால்டா சிலுவையும் பொறித்த ஜோசப் ராஜர்ஸ் கத்தி உலகெங்கும் போனது. 1851ஆம் ஆண்டின் லண்டன் மாபெரும் கண்காட்சிக்கு அந்த நிறுவனம் செய்தளித்த நார்ஃபோக் கத்தியில் 75 அலகுகள். இன்றும் அது கத்தித் தொழிலாளர் கழகத்தின் கட்லர்ஸ் ஹாலில் இருக்கிறது. அமெரிக்க எல்லைப்புறத்தின் அடையாளமாக நாம் படங்களில் பார்க்கும் போவி கத்திகளில் பெரும்பகுதி ஷெஃபீல்டில் செய்யப்பட்டு அங்கே ஏற்றுமதியானவை. பெரிய நிறுவனங்கள் தங்கள் கட்டடத்துக்குள் ஆட்களை வைத்திருந்தாலும், ஆர்டர் குவியும்போது வெளியே சின்ன முதலாளிகளிடம்தான் வேலையைக் கொடுத்தன. முத்திரை நிறுவனத்துடையது, கை பெயரில்லாதது.

ஜான் ரஸ்கின் 1853இல், வேலையைப் பகுக்கும்போது மனிதனையே பகுத்துவிடுகிறோம் என்ற பொருள்பட எழுதினார். முழுப் பொருளையும் தானே செய்யும் கைவினைஞன்தான் முழு மனிதன் என்ற கருத்து அங்கிருந்து வில்லியம் மோரிஸ் வழியாக உலகமெங்கும் பரவியது. நாம் இன்று 'கைவினை' என்றதும் நினைப்பது அதைத்தான். அதே ரஸ்கின்தான் 1875இல் ஷெஃபீல்டின் வாக்லி குன்றில் தொழிலாளர்களுக்காகச் சின்ன அருங்காட்சியகம் ஒன்றைத் திறந்தார். அவர் குன்றிலிருந்து கீழே பார்த்த ஊர் அவருடைய கோட்பாட்டுக்கே அடங்காதது. வாழ்நாள் முழுவதும் பேனாக்கத்தி அலகை மட்டும் தீட்டியவர் அங்கே இருந்தார். அவர் வேலை பகுக்கப்பட்ட வேலை. ஆனால் அவர் விரல்களில் இருந்த அறிவு பகுக்கப்பட்டதாக இல்லை. அடுத்த மேடையில் இருப்பவர் அலகை எப்படிப் பூட்டுவார், அவருக்கு எது வசதி என்று தெரிந்து தீட்டினார். பொருளியலாளர் ஆல்ஃபிரட் மார்ஷல் இதை ரஸ்கினைவிடச் சரியாகக் கண்டார் என்பேன். ஒரு தொழில் ஓர் ஊரில் வேர்விட்டால் அதன் நுட்பங்கள் காற்றிலேயே கலந்துவிடுகின்றன, குழந்தைகள் அறியாமலே கற்கிறார்கள் என்று அவர் 1890இல் எழுதினார்; 1919இல் வெளிவந்த நூலில் அதற்கு உதாரணமாக ஷெஃபீல்டையும் ஜெர்மனியின் சோலிங்கனையும் பெயர் சொல்லியே குறிப்பிட்டார்.

தெரு ஒரே நாளில் கலையவில்லை. 1890இல் அமெரிக்கா விதித்த மெக்கின்லி இறக்குமதி வரி பெரிய சந்தையை அடைத்தது. 1913இல் ஷெஃபீல்டின் ஆய்வகத்திலேயே ஹாரி பிரியர்லி துருப்பிடிக்காத எஃகைக் கண்டார். துப்பாக்கிக் குழாய் தேய்வதைத் தடுக்க அவர் தேடிக்கொண்டிருந்தது வேறு, கிடைத்தது இது. வெட்டாத கத்தியைக் கண்டுபிடித்தவர் என்று கத்திக்காரர்கள் முதலில் அவரைக் கேலி செய்தார்கள். போர்ட்லண்ட் வொர்க்ஸ் என்ற கட்டடத்தில் ஆர்.எஃப். மோஸ்லி நிறுவனம்தான் அந்த எஃகில் முதன்முதலில் கத்திகள் செய்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அந்த எஃகை இயந்திரத்தில் வெட்டி, இயந்திரத்தில் தீட்டி, கிழக்கு ஆசியாவிலிருந்து மிகக் குறைந்த விலைக்கு அனுப்ப முடிந்தது. தந்த வணிகத்துக்கு 1989இல் உலகளவில் தடை வந்தது. கைப்பிடிக்கு உயிராக இருந்த இந்தியக் கடம்பைமான் கொம்பின் ஏற்றுமதியை இந்தியா 1990களின் இறுதியில் நிறுத்தியது. காடுகளின் பொருட்டு அது சரியான முடிவு, ஆனாலும் ஷெஃபீல்டில் அதன் வலி தெரிந்தது. பழைய பட்டறைக் கட்டடங்கள் இடிந்தன அல்லது அடுக்குமாடி வீடுகளாயின.

இவற்றில் எதுவும் தனித்துக் கொல்லவில்லை. ஓர் இடத்தில் கொம்பு அறுப்பவர் கடையை மூடினார், அடுத்து வில் செய்பவர், அடுத்து சாணைக்காரர். ஒவ்வொருவர் போகும்போதும் மிச்சமிருந்தவர் அந்த வேலையையும் தானே கற்றுக்கொள்ள வேண்டியதாயிற்று. அலகு, வில், தகடு, ஆணி, கைப்பிடி எல்லாவற்றையும் தானே செய்யும் கைவினைஞர் இப்படித்தான் பிறந்தார். அவர் பழமையின் எச்சம் அல்லர், இழப்பின் விளைவு. ஸ்டான் ஷாவின் மேதைமை அந்த இழப்பையெல்லாம் ஒரே உடம்பில் ஈடுகட்டியதில் இருக்கிறது. அந்த அளவுக்குப் பெரிய மனிதர் என்று அவரை மதிக்கிறேன். ஆனால் அப்படி ஒருவர் தேவைப்பட்டதே ஊரின் நலிவைச் சொல்கிறது.

கத்தரிக்கோலில் இது இன்னும் தெளிவு. கத்தரிக்கோலின் இரு அலகுகளும் தட்டையாக ஒட்டிக் கிடந்தால் துணி வெட்டாது, மடங்கும். இரண்டும் மெல்ல வளைந்து, ஒரு நேரத்தில் ஒரே புள்ளியில் மட்டும் தொட வேண்டும். மூட மூட அந்தப் புள்ளி திருகாணியிலிருந்து நுனிக்கு நகர வேண்டும். அந்த வளைவைச் சம்மட்டியால் தட்டித் தட்டிக் கொண்டுவருபவருக்கு ஷெஃபீல்டில் 'புட்டர்' என்று பெயர், சேர்த்துப் பூட்டுகிறவர். அளவுகோல் இல்லை. வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்ப்பார், மூடும் ஒலியைக் கேட்பார், மறுபடி தட்டுவார். கைவர ஆண்டுக்கணக்கில் ஆகும். 1902இல் தொடங்கிய எர்னஸ்ட் ரைட் நிறுவனத்தில் இந்த வேலையைக் காட்டும் சில நிமிடக் குறும்படம் ஒன்று 2014இல் வெளிவந்தது; இணையத்தில் அதை லட்சக்கணக்கானோர் பார்த்தார்கள். ஆர்டர்கள் வந்து குவிந்தன. அப்படியும் 2018இல் நிறுவனம் முடங்கியது.

புகழ் வந்த பிறகும் ஏன் முடங்க வேண்டும் என்பதைச் சற்று நின்று யோசிக்க வேண்டும். வாங்குகிறவர்களை ஒரே வாரத்தில் பெருக்கிவிடலாம். புட்டர்களைப் பெருக்க முடியாது. முன்பு ஆர்டர் பெருகினால் அடுத்த தெருவுக்குக் கூடையை அனுப்பலாம். இப்போது அடுத்த தெருவே இல்லை. பின்னர் நெதர்லாந்தைச் சேர்ந்த இருவர் நிறுவனத்தை வாங்கினார்கள். அவர்கள் செய்ததில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இது: பழைய மூத்த புட்டர்களைத் திரும்ப அழைத்துவந்து, புதியவர்களை அவர்கள் பக்கத்தில் உட்காரவைத்தார்கள். பிரிட்டனின் மரபுக் கைவினைச் சங்கம் 2017 முதல் வெளியிட்டுவரும் அழியும் கைவினைகளின் சிவப்புப் பட்டியலில் கத்தரிக்கோல் செய்தல் மிகுந்த ஆபத்தில் உள்ள தொழிலாக இடம்பெற்றிருக்கிறது.

இன்று ஐரோப்பா முழுவதும் புதிய கத்திக் கைவினைஞர்கள் கிளம்பியிருக்கிறார்கள், ஷெஃபீல்டிலும் உண்டு. எஃகுப் பட்டையை வாங்கி, தேய்ப்புப் பட்டை இயந்திரத்தில் வடிவம் கொடுத்து, மின் உலையில் பதமேற்றி, கைப்பிடி போட்டு, உறை தைத்து, படம் எடுத்து, இணையத்தில் விற்று, பொட்டலமும் தாங்களே கட்டுகிறார்கள். வாங்க மாதக்கணக்கில் காத்திருக்கிறவர்கள் உண்டு. அவர்கள் உழைப்பின்மேல் எனக்கு உண்மையான மரியாதை இருக்கிறது. முத்திரையில் தங்கள் சொந்தப் பெயரைப் பொறிக்க முடிவது, பழைய சின்ன முதலாளிகள் பலருக்குக் கிடைக்காத பேறு. நுரையீரலும் தப்பிக்கிறது. ஆனால் ஒருவர் பத்து வேலை செய்யும்போது ஒவ்வொன்றிலும் நாளுக்குச் சில நிமிடங்களே கை பழகும். நாளெல்லாம் ஒரே அலகைத் தீட்டியவரின் கை இனி எவருக்கும் அமையாது. விலையும் சாதாரணச் சமையலறைக்கு எட்டாத உயரத்துக்குப் போய்விடுகிறது. பழைய தெரு செய்தது மீன் வெட்டுகிறவருக்கும் தோல் அறுக்கிறவருக்கும் வேண்டிய கத்தி.

ஊரின் பெயரைச் சட்டத்தால் காப்பது ஒரு வழி. சோலிங்கன் பெயருக்கு 1938 முதல் ஜெர்மனியில் சட்டப் பாதுகாப்பு உண்டு. அங்கே செய்யாததில் அந்தப் பெயரைப் போட முடியாது. ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் கைவினை, தொழிற்பொருள்களுக்கும் புவிசார் குறியீடு தரும் விதியை நிறைவேற்றியது. இவை வேண்டியவைதான். ஆனால் பெயரைக் காத்தால் போலி குறையும். சாணைக்காரர் வர மாட்டார். ஒருவருக்கு விருது, ஒரு பழகுநருக்கு உதவித்தொகை என்று தனி மனிதரைப் பார்த்தே கொடுக்கும் திட்டங்களுக்கும் இதே குறை. கற்று முடித்த அந்த இளைஞர் எங்கே வாடகைக்கு உட்காருவார், அவர் அலகுக்கு யார் முலாம் பூசித் தருவார் என்று அவை கேட்பதில்லை.

அதைக் கேட்டவர்கள் ஷெஃபீல்டிலேயே இருக்கிறார்கள். துருப்பிடிக்காத கத்தி முதலில் பிறந்த அதே போர்ட்லண்ட் வொர்க்ஸ் கட்டடத்தை வீடுகளாக மாற்றும் திட்டம் வந்தபோது, குத்தகைதாரர்களும் ஊர்மக்களும் எதிர்த்தார்கள். எதிர்த்ததோடு நிற்காமல், சமூக நலச் சங்கம் ஒன்றைப் பதிவுசெய்து பங்குகள் விற்றார்கள். 500க்கும் மேற்பட்டோர் பங்கு வாங்க, 2013இல் கட்டடம் அவர்கள் கைக்கு வந்தது. கத்தி செய்கிறவர், வெள்ளி முலாம் பூசுகிறவர், கருவி செய்கிறவர், தச்சர், இசைக்கலைஞர்கள் என்று ஒரே முற்றத்தைச் சுற்றி இப்போது பல பட்டறைகள் இருக்கின்றன. பழைய கட்டடம், கூரையிலும் சுவரிலும் செலவு ஓயாது. வாடகையை உயர்த்தினால் செலவு சரிக்கட்டும், பட்டறைகள் வெளியேறும். சின்னப் பட்டறைக்குக் கட்டுப்படியாகும் வாடகையில் கட்டடத்தை நிற்கவைப்பதே பங்குதாரர்கள் ஏற்றுக்கொண்டிருக்கும் வேலை. பழுதுபார்ப்பில் ஒரு பகுதியைத் தன்னார்வலர்கள் தாங்களே வந்து செய்கிறார்கள்.